பதினொன்றேகாலுக்கு ஓர் ஏணி

மார்ச் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தொலைக்காட்சி விற்பனை நிலையத்தின் இரண்டாம் மாடியில், குறைதீர்ப்புப் பிரிவின் வெள்ளைப் பலகையில் 'அறுபது நாள் ஆனவை' என்ற தலைப்புக்குக் கீழே 1 என்று எழுதியிருந்தது.

முந்தின வாரம் வரை அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது.

பொருள்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்த பூஜ்யம் இல்லை அது. புகாருக்கு ஐம்பத்தொன்பதாவது நாள் ஆனதும், கேட்ட பொருளுக்குப் பதிலாகக் கால் அமுக்கும் இயந்திரம் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். கிடங்கில் அது விற்காமல் மலைபோல் கிடந்தது. தையல் இயந்திரம் கேட்டவருக்கும் அதுதான், சூட்கேஸ் கேட்டவருக்கும் அதுதான். ஏதோ ஒரு பொருள் போய்ச் சேர்ந்ததும் பழைய புகார் முடிந்துவிடும். இது எதற்கு வந்தது என்று கேட்டு அவர்கள் போன் செய்தால் அது புதுப் புகார். முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

குறைதீர்ப்புக் குமாஸ்தா பலகையைப் பார்த்துக்கொண்டே பையை நாற்காலியில் மாட்டினார். அவர் சேர்ந்தபோது அந்த அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். மிச்சம் அவரும், பக்கத்து மேஜை அக்காவும்தான். ஆள் குறையக் குறைய வேலை கூடியது. கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாப் பிரிவுகளின் போனையும் போன வருடமே பிடுங்கிவிட்டதால் எந்த அழைப்பாக இருந்தாலும் இந்த இரண்டு மேஜைக்குத்தான் வரும்.

மேற்பார்வையாளர் உள்ளே வந்து பலகையை விரலால் தட்டினார்.

"யாருய்யா இந்த ஒண்ணு?"

"பதினொண்ணேகால் சார்."

மேற்பார்வையாளருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் காலை சரியாகப் பதினொன்றேகால் மணிக்கு அழைக்கும் மனிதர் அவர். மடக்கு ஏணி சம்பந்தமான புகார்.

"கால் அமுக்குறத அனுப்ப வேண்டியதுதானே?"

"கேட்டேன் சார். எனக்கு எதுவும் அனுப்பாதீங்க, ஏணி விஷயம் முடிஞ்சாப் போதும்கிறாரு."

"முடிஞ்சாத்தான் நமக்கும் நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு முதலாளி வர்றாரு. அந்த இடத்துல பூஜ்யத்தத் தவிர வேற எது இருந்தாலும், இந்தப் பிரிவையே மூடிட்டு மெஷினப் பேச விடப் போறாராம்."

மெஷின் என்பது ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருந்த பதிவுக் குரல். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்த குரல் அது.

"என் தொண்டையே என் பொழப்புக்கு உலை வைக்குது பாரு தம்பி" என்றார் அக்கா.

ஒன்பது வருடமாகக் குமாஸ்தா செய்த ஒரே வேலை மன்னிப்புக் கேட்பது. வீட்டில் மனைவி தண்ணீர் கேட்டால்கூட, "சிரமத்துக்கு வருந்துகிறோம், இதோ" என்றுதான் வாயில் வரும். இந்த வேலை போனால் வேறு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

ஏணிக் கதை இதுதான். ஜனவரி முதல் வாரத்திலிருந்து நிலையம் மடக்கு ஏணி விற்கிறது. நானூறு ஏணிக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்ன கொள்முதல் அதிகாரி புத்தாண்டன்று வேலையை விட்டுப் போனார். ஏணி செய்கிறவரின் பெயர், ஊர், எண் எல்லாம் அவருடைய கைபேசியில் இருந்தன. கைபேசி அவரோடு போய்விட்டது. மாதிரிக்கு வந்த ஒரே ஓர் ஏணி மட்டும் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி வழங்குபவர் அதில் ஏறி இறங்கி விற்றுக்கொண்டிருந்தார். நானூறு வரவேயில்லை. ஏணி செய்கிறவன் கம்பி நீட்டிவிட்டான் என்பதே அலுவலகத்தில் எல்லோருடைய கருத்தும்.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது.

பிரிவில் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. முதலில் மன்னிப்பு, பிறகு ஆறுதல், பிறகு உறுதிமொழி. மூன்றையும் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒரு சொல் விட்டாலும் பதிவில் தெரிந்துவிடும். நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடம் பத்து வினாடி ஆகும். மூன்றாவது நிமிடத்தில் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும். ஐம்பது வினாடி வாடிக்கையாளருடையது.

குமாஸ்தா மூன்றையும் படித்து முடித்தார். மறுமுனை பொறுமையாகக் கேட்டது. எப்போதும் அப்படித்தான். நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மனிதர்.

"வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா? ஏணி விஷயமாத்தான். ரெண்டு மாசம் ஆயிருச்சுங்க சார்."

"தெரியும் சார். கண்டிப்பாப் பண்ணிடுறோம்."

"டெய்லி பத்து மணிக்கு டிவில வித்துக்கிட்டே இருக்கீங்களே சார். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இங்க வீட்ல ஒரே சண்டை. சுவத்தப் புடிச்சுப் புடிச்சுத்தான் நடக்க வேண்டியிருக்கு. அந்த ஏணியெல்லாம்..."

"ஏணி கிடங்குல பத்திரமா இருக்கு சார்."

"ஆமாங்க சார்! பத்திரமாத்தான் இருக்கு! அதத்தான் நானும் சொல்ல..."

மூன்று நிமிடம் முடிந்தது.

"எவ்வளவு நல்ல மனுஷன்க்கா" என்றார் குமாஸ்தா. "நாம சொல்ற பொய்ய நம்மள விட நம்புறாரு."

"என்ன சொன்னாரு?"

"நடக்க முடியலையாம். சுவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறாராம்."

அக்கா எழுதுவதை நிறுத்தினார். "நடக்க முடியாதவருக்கு ஏணி எதுக்கு தம்பி?"

"ஆசையா இருக்கும்க்கா."

புகார்த் தாளின் குறிப்புப் பகுதியில் குமாஸ்தா எழுதினார்: 'வாடிக்கையாளர் நடக்க இயலாதவர்.' ஜனவரியில் தாளைத் திறந்ததும் அவர்தான். பதினொன்றேகால் கொடுத்த ஆர்டர் எண்ணைக் கணினி ஏற்கவில்லை. அது புதிதில்லை. டிசம்பரில் கணினியை மாற்றியதிலிருந்து பழைய எண்கள் எதையும் அது ஏற்பதில்லை. எனவே குமாஸ்தா அவர் பெயர், முகவரி கேட்டுக் கையால் புது ஆர்டர் போட்டிருந்தார். மடக்கு ஏணி, ஒன்று.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"நிலவரத்துல 'புறப்பட்டுவிட்டது'ன்னு மாத்திடு. வழியில இருக்குற பொருளப் பலகையில சேர்க்க மாட்டாங்க."

"வழியில இல்லையே சார்."

"பூமியே சுத்திக்கிட்டுத்தானே இருக்கு. எல்லாமே ஒரு வழியிலதான் இருக்கு. மாத்துய்யா."

மாற்றினார். மாற்றியதும் கணினி தன் பங்குக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது: 'உங்கள் ஏணிக்கான வண்டி இன்று வருகிறது. தயவுசெய்து வீட்டில் ஆள் இருக்கவும்.' அப்படி ஒரு வசதி அதில் இருப்பது யாருக்கும் தெரியாது. இதுவரை கேட்ட பொருள் எதுவும் புறப்பட்டதில்லை.

அன்று பதினொன்றேகாலுக்குப் போன் வரவில்லை. குமாஸ்தாவுக்குக் கை ஓடவில்லை. அறுபது நாளில் முதல் தடவை.

புதன்கிழமை போன் வந்தது. மன்னிப்பு, ஆறுதல், உறுதிமொழி முடிந்ததும் பதினொன்றேகால் பேசினார். குரல் கம்மியிருந்தது.

"நேத்து வண்டி வருதுன்னு சேதி வந்துச்சு சார். மூணு ஆளுங்கள வரச் சொல்லி, அவங்கள வச்சுக்கிட்டு நாள் பூரா வாசல்லயே நின்னேன். வெயில் வேற. வண்டியே வரல சார்."

மூன்று பேர் தாங்கிப் பிடிக்க, நடக்க முடியாத ஒரு மனிதர் வெயிலில் நாள் முழுவதும் வாசலில் நிற்கும் காட்சி குமாஸ்தாவின் கண்ணை விட்டு அகலவில்லை. எழுதி வைத்ததற்கு வெளியே, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"சார், நீங்க முதல்ல உக்காருங்க சார்."

"எங்க சார் உக்கார? உக்காரவும் இடமில்ல. அத..."

மூன்று நிமிடம்.

குமாஸ்தா நேரே கிடங்குக்குப் போனார். கால் முடியாதவருக்குக் கால் அமுக்கும் இயந்திரத்தை விடப் பொருத்தமான மன்னிப்பு வேறு என்ன? இதைப் புகாருக்குப் பதிலாக இல்லை, அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம். 'தங்கள் கால்கள் விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்று சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டி, நிலையத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே வேனின் ஓட்டுநரிடம் கொடுத்தார். வேன் சும்மாதான் நின்றது. பெட்டி இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நிலையத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் போனதில்லை.

"வீட்ல ஒரு அம்மாதான் வாங்குனாங்க" என்றார் ஓட்டுநர் திரும்பி வந்து. "கதவு பாதிக்கு மேல திறக்கல சார். சந்து வழியா பெட்டிய உள்ள தள்ளுனேன். ரொம்பச் சின்ன வீடு போல."

"நடக்க முடியாதவரு, உக்காரக்கூட இடமில்லாத வீடு" என்றார் குமாஸ்தா. "அதுல ஏணிய எங்க வைப்பாரோ!"

கணினி அத்துடன் நிற்கவில்லை. அந்த முகவரியில் ஏதோ ஒரு பொருள் போய்ச் சேர்ந்ததை அது கவனித்துவிட்டது. உடனே கேட்டது: 'ஏணி உங்களுக்குத் திருப்தியளித்ததா? ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.' பதினொன்றேகால் இரண்டை அனுப்பினார். வழியில் இருப்பதாகக் காட்டிய பழைய புகார் பலகைக்குத் திரும்பியது; இந்தப் பதில் தனிப் புகாராகவும் பதிவானது. ஆனால் ஏணி சம்பந்தப்பட்டது என்பதால் பழைய தேதியே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை பலகையில் 2 என்று இருந்தது.

"என்னய்யா இது, குட்டி போடுதா?" என்றார் மேற்பார்வையாளர். குரலில் கோபத்தை விட ஆச்சரியமே அதிகம் இருந்தது.

பதினொன்றேகாலுக்கு மறுமுனையில் முதல் முறையாகச் சற்று வேகம் தெரிந்தது.

"சார், கால் அமுக்குற மெஷின் எதுக்கு சார் எனக்கு? இருக்குறதையே வைக்க இடமில்லாமத் தவிக்கிறேன். என் கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்படித்தான் சார் நம்பிக்கையா இருக்கணும்."

"ஐயோ, சார்... நீங்க யாராச்சும் ஒருத்தர் நேர்ல வாங்க சார். வந்து பாத்தாப் புரிஞ்சிரும். நான் அங்க ரெண்டு தடவ வந்தேன். முதல்ல போன்ல நேரம் வாங்கிட்டு வான்னு வாசல்லயே..."

மூன்று நிமிடம்.

குமாஸ்தா போனை வைத்தார். நடக்க முடியாத மனிதர் இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறார். காவலாளி திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, நான் நேர்ல போகப் போறேன்."

"போய்?"

"ஏணியக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு வரப் போறேன். ஒரு ஏணி போனா ரெண்டு புகாரும் போயிடும். பலகையில பூஜ்யம்."

"ஏணி ஏது?"

குமாஸ்தா கீழ்த்தளத்தின் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கேதான் படப்பிடிப்பு அரங்கம். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில பத்து மணிக்கு நிகழ்ச்சி இருக்கே தம்பி!"

"ஒரு நாள் வேற எதையாவது விக்கட்டும்."

அன்று சாயங்காலம் அரங்கப் பொருள்களுக்கான பதிவேட்டில் 'மடக்கு ஏணி, பழுது பார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏணியை வெளியே எடுத்தார். எழுதியது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு மாதமாகத் தினமும் ஏறி இறங்கியதில், மடித்தால் மடிந்தபடி நிற்க வேண்டிய கொக்கி தேய்ந்துபோயிருந்தது.

அது வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் தெரிந்தது. 'ஒரே தட்டலில் விரியும்' என்று விளம்பரத்தில் சொல்வார்கள். ஓட்டுநர் பிரேக் போட்டதும், யாரும் தட்டாமலே விரிந்தது. ஏணியின் ஒரு கால் முன் வரிசையில் ஒருவரின் மடிக்கும், இன்னொரு கால் பின் வரிசையில் ஓர் அம்மாவின் பைக்கும் போய்ச் சேர்ந்தன.

"இதுக்கும் ஒரு டிக்கெட் எடுய்யா" என்றார் நடத்துநர்.

"மடிச்சா கைக்கு அடக்கம்ங்க."

"மடி பாப்போம்."

குமாஸ்தா டிக்கெட் எடுத்தார். இருபுறமும் மன்னிப்புக் கேட்டார். ஆறுதலும் உறுதிமொழியும் சொன்னார். இரண்டு நிமிடம் பத்து வினாடி. முன் வரிசைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவருடைய நிறுத்தம்தானா என்பது தெரியவில்லை.

பத்தே முக்காலுக்குக் கைபேசி அடித்தது. மேற்பார்வையாளர்.

"ஏணி எங்கய்யா?"

"ரிப்பேருக்கு சார்."

"ரிப்பேரா? பத்து மணிக்கு நேரலை ஆரம்பிச்சிருச்சு. ஏணியக் காணோம். வேற பொருளும் எடுத்து வைக்கல. நிகழ்ச்சி வழங்குறவரு என்ன பண்ணாரு தெரியுமா? கேமராவப் பாத்து, 'நேயர்களே, மடிச்சு வச்சா இடத்தையே அடைக்காத ஏணி. இதோ இந்த அரங்கத்துலயேதான் இருக்கு. உங்க கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. அதுதான் இதோட சிறப்பு'ன்னு போட்டாரு."

"ஐயோ. அப்புறம் சார்?"

"அரை மணி நேரத்துல நூத்திப் பத்து ஆர்டர். ஏணி இருந்தப்பகூட இப்படி வித்ததில்ல." மேற்பார்வையாளர் மூச்சு விட்டார். "முதலாளிக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலமும் போடச் சொல்லிட்டாரு. நூத்திப் பத்து ஏணிக்கு நான் எங்கய்யா போவேன்? அத விடு. பன்னெண்டு மணிக்கு அவரு பலகையப் பாப்பாரு. ரெண்டு இருக்கு."

"பூஜ்யம் ஆயிடும் சார். கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து அனுப்புறேன். எழுதத் தயாரா இருக்கச் சொல்லுங்க அக்காவ."

நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர நடை. மடிய மறுத்த ஏணியை விரித்தபடியே தோளில் சுமந்துகொண்டு, எதிரே வருகிறவர்களிடம் வருந்திக்கொண்டே நடந்தார். தெரு நெடுகச் சின்னச் சின்னப் பட்டறைகள். இரும்பு அறுக்கும் சத்தம். பதினொன்று பத்துக்குப் புகார்த் தாளில் இருந்த எண்ணுள்ள கதவின் முன் நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு தட்டினார்.

கதவு பாதி திறந்து எதிலோ முட்டி நின்றது. இடைவெளியில் ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்க்கவில்லை. ஏணியைத்தான் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அம்மா, வணக்கம். தொலைக்காட்சி விற்பனை நிலையத்துலேருந்து வர்றேன்."

"வந்துட்டீங்களா!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. தெருவின் இரு பக்கமும் எதையோ தேடினார். "வண்டி எங்க நிக்குது?"

"நான் பஸ்லதாம்மா வந்தேன்."

முகம் வாடியது. குமாஸ்தா ஏணியை வாசலில் நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். ஏற்பட்ட தாமதத்துக்கு நிலையத்தின் சார்பில் மனப்பூர்வமான மன்னிப்பைச் சொன்னார். ஆறுதல் சொன்னார். இனி இப்படி நேராது என்ற உறுதிமொழியைச் சொன்னார். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் குமாஸ்தா பையிலிருந்து ரசீதையும் பேனாவையும் எடுத்தார்.

"ஐயா இருந்தா ஒரு கையெழுத்து போதும்மா. ஏணி வந்து சேர்ந்துச்சுன்னு. பன்னெண்டு மணிக்குள்ள வேணும். ஐயாவால எழுந்திரிக்க முடியலைன்னா நான் உள்ள வர்றேன்."

"ஏன் எழுந்திரிக்க முடியாது?"

உள்ளேயிருந்து காலடிச் சத்தம் மெதுவாக வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி வைத்து வந்தார். மறு கையில் போனைக் காதோடு வைத்திருந்தார். மணி பதினொன்றேகால். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று அக்காவின் குரல் அதில் கேட்டது.

குமாஸ்தா பேனாவை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. உள்பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அந்தப் போன வைங்க. நானூறு ஏணியையும் எடுத்துட்டுப் போக வண்டி வரும், வரும்னு ரெண்டு மாசமா சொன்னீங்களே, இங்க வந்து பாருங்க, சாம்பிளுக்குக் குடுத்த ஒண்ணையும் திருப்பிக் கொண்டாந்துட்டாரு!"